மிஷின் பார்த்துக்கொண்ட பிள்ளை

சிப்பித்துறை உபதேசியார் வீட்டில் ஆண்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். அதுதான் தொந்தரவே.

அவர்களுடைய அப்பா, காலஞ்சென்ற உபதேசியார், முப்பது வருஷம் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். அச்சில் இருப்பதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார். அவர் மனதில் வைத்துச் சொன்னது வேதப் புத்தகத்தை. பிள்ளைகள் மனதில் நின்றது அச்சு மட்டும். அதனால் அந்த வீட்டில் மாத்திரை அட்டையானாலும் பிஸ்கட் உறையானாலும் மூத்தவர் உரக்க வாசிப்பார்; மற்ற இருவரும் கைகட்டி நின்று "ஆமென்" என்பார்கள். 'இங்கே கிழிக்கவும்' என்று போட்ட இடத்தில் கிழியாவிட்டால் அந்தப் பாக்கெட்டை வேறு இடத்தில் கிழிக்க மாட்டார்கள். அப்படிக் கிழியாமல் நின்றுபோன பாக்கெட்டுகள் ஒரு கூடை நிறைய அலமாரி மேல் இருந்தன.

மூத்தவர் ராயப்பர். கோயில் மணி அடிப்பவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை ஆகிவிடும்போல இருந்தது. பெண் வீட்டார் காலை பத்து மணிக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள், ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள், இவர் பத்து மணிவரை கதவைத் திறக்கவில்லை. நடுவுள்ளவர் இன்னாசி, தையல்காரர். குளிக்கும்போதும் கழுத்தில் டேப் கிடக்கும். கடைசி சூசை, சைக்கிள் கடை வைத்திருப்பவன். இந்தக் கதை சூசையோடுதான் கூடக்கூடப் போகிறது. ஏனென்றால் மூன்று பேரில், என்ன நடந்தாலும் ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

அந்த ஒருத்தி அவன் பெண்டாட்டி பெர்னதெத்து. வீட்டில் பெர்னா. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, அமலி.

பெர்னாவின் பயம் தெருவுக்கே தெரியும். பிள்ளை அழுதால் பயப்படுவாள். அழாவிட்டால் இன்னும் அதிகம் பயப்படுவாள். தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் ஆள்காட்டி விரலை நீட்டி, சூடாகக் காற்றுப் படுகிறதா என்று மணிக்கு நாலு தரம் பார்ப்பாள். சமையலுக்கு நடுவிலும் ஓடிவந்து பார்த்துப் பார்த்து, அமலியின் மூக்கில் எப்போதும் கொஞ்சம் சீரக வாசனை இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு கடிதம் வந்தது. டவுனில் அவள் படித்த கான்வென்ட் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர் வேண்டுமாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். பின்னல் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு அந்த டீச்சர் நாற்காலியில் ஒரு கண். கடிதத்தை மூன்று தரம் படித்தாள். பிறகு தலையைத் தூக்கி வீட்டில் இருந்த மூன்று ஆண்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

"நான் போகல" என்றாள்.

"ஏன் பெர்னா? பிள்ளையப் பாத்துக்கிட நாங்க மூணு பேரு இருக்கோம்லா" என்றான் சூசை.

"அதான் போகலங்கேன்."

சூசைக்கு அது வலித்தது. வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு டவுனுக்குப் போய், தொட்டிலுக்கு மேலே மாட்டுகிற ஒரு மிஷினை வாங்கி வந்தான். பிள்ளையைக் கண்கொட்டாமல் பார்க்கும். பார்த்ததை வாயால் சொல்லும். கால் மணிக்கு ஒருதரம் தாயின் ஃபோனுக்கு மெசேஜும் அனுப்பும். படம் அனுப்புகிற வகை தனியாம். இது சொல்லை மட்டும் அனுப்புகிற வகை. "நமக்குச் சொல்லு போதும்" என்று கடைக்காரரிடம் சூசை பெருமையாகச் சொன்னான்.

பெட்டியைக் கூடத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். ராயப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியில் இருந்ததை வாசித்தார்: "பெட்டியைத் திறக்கும் முன் கையேட்டை முழுமையாகப் படிக்கவும்."

"ஆமென்."

"கையேடு எங்கலே?"

"பெட்டிக்குள்ள இருக்குண்ணே."

மூவரும் பெட்டியையே பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் பேசியது.

"கடைக்காரன் தெரிஞ்சவனா?" என்று கேட்டார் ராயப்பர். "நம்மளச் சோதிக்கான் பாரு."

இன்னாசி பெட்டியை நாலு பக்கமும் டேப்பால் அளந்து பார்த்தார். அளந்ததில் தெளிவு பிறந்தது. "அண்ணே, திறக்கதுன்னா மூடியத் திறக்கது. அடிப்பக்கத்த வெட்டினா அது வெட்டுதது. வெட்டக் கூடாதுன்னு எங்கயும் போடலையே."

பெரிய கத்தரிக்கோல் வந்தது. அடி வழியாகக் கையேடு விழுந்தது, மிஷின் விழுந்தது, வயர் விழுந்தது. கையேட்டில் பன்னிரண்டு பாஷை இருந்தது. 'முழுமையாக' என்று போட்டிருந்ததால் பன்னிரண்டையும் படித்தார்கள். தெரிந்த பாஷையை ராயப்பர் வாசித்தார். தெரியாத பாஷைகளில் வரிவரியாக விரலை மட்டும் ஓட்டினார். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் தம்பிகள் ஆமென் சொன்னார்கள். மத்தியானச் சோறு ஆறிப்போனது. எல்லாம் முடிந்ததும் மிஷினையும் கையேட்டையும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, அடியை ஒட்டி, நிமிர்த்தி வைத்து, மூடி வழியாக முறைப்படி திறந்தார்கள்.

பெர்னா அடுக்களை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். பிள்ளையின் மூக்கடியில் ஒருதரம் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மிஷினைச் சுவர்ப் பிளக்கில் சொருகியதும், "வணக்கம். நான் தயார்" என்றது ஒரு பெண் குரல். ராயப்பர் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்.

அடுத்தது ரகசிய எண். அந்த வீட்டில் ஆணி வாங்கினாலும் மூத்தவர் பேரில்தான் பில் போடுவார்கள். அது உபதேசியார் காலத்துப் பழக்கம். அதனால் எண் ராயப்பரின் ஃபோனுக்கு வந்தது. சூசை தன் ஃபோனில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"வந்துட்டாண்ணே?"

"வந்துட்டு."

"சொல்லுங்க."

ராயப்பர் ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுல. போட்டிருக்கான். 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.'"

"ஆமென்" என்றார் இன்னாசி, பழக்க தோஷத்தில்.

"அண்ணே, நான் உங்க தம்பிலா."

"தம்பி நீங்கலாகன்னு போடலையே. யாரிடமும்னா யாரிடமும்."

"அப்ப நீங்களே இதுல அடிச்சிருங்க. என்கிட்ட சொல்ல வேணாம்."

அது நியாயமாகப் பட்டது. ராயப்பர் விரலை நீட்டினார். அப்போது பார்த்து மிஷின், "உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்" என்றது. ராயப்பர் விரலை மடக்கிக்கொண்டார்.

"இது பேசுது. கேக்குது. காத்திருக்கேங்குது. அப்ப இதும் யாரோதான்."

"ஆளா?" என்றான் சூசை.

"ஆளோ என்னமோ. 'யாரிடமும்'ல அடங்கும்."

எண்ணுக்கு ஆயுசு பத்து நிமிஷம் என்று அதிலேயே போட்டிருந்தது. நாலு நிமிஷம் கழிந்திருந்தது. இன்னாசிதான் வழி கண்டுபிடித்தார். "அண்ணே, வெள்ளிக்கிழம சாயங்காலம். சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில பாவமன்னிப்புக் குடுத்துக்கிட்டிருப்பாரு. அவருகிட்ட சொன்னா வெளிய போகாது. அது சொன்ன கணக்குலயே சேராது."

ராயப்பரின் முகம் தெளிந்தது. தம்பிகள் பின்னால் ஓட, அவர் முன்னால் ஓடினார். கோயிலில் அவருக்கு முன்னால் நாலு பேர் முழங்காலில் இருந்தார்கள். தன் முறை வந்ததும் உள்ளே போய், என்னமோ முணுமுணுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மனப்பாரம் இறங்கினவர் போல் இருந்தார். திரைக்கு மேலே பங்குச்சாமியாரின் தலை ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. சூசையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு தன் கடமையை நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"நல்லபடியா சொல்லிட்டேன்" என்றார் ராயப்பர். "மூணு அருள்நிறை மந்திரம் சொல்லணும்னு அபராதம் குடுத்தாரு."

"இப்ப நம்ம எப்படிண்ணே தெரிஞ்சுக்கிடுதது?"

அதை யாரும் யோசிக்கவில்லை. எண்ணும் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது எண்ணை வரவழைத்தார்கள். மறுபடியும் ராயப்பர் ஃபோனை நெஞ்சோடு அணைத்தார். பெர்னா பிள்ளையைச் சூசையிடம் கொடுத்துவிட்டு மெதுவாக வந்தாள். "பெரியத்தான், நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். ஃபோன மேச மேல மலத்தி வச்சிட்டு, அந்த அபராத மந்திரத்தச் சொல்லி முடிச்சிருங்க. கண்ண மூடிக்கிட்டு."

ராயப்பர் யோசித்தார். மேசையில் வைக்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை. முதல் மந்திரம் முடிவதற்குள் பெர்னா எண்ணை அடித்து முடித்திருந்தாள். தன் பெண்டாட்டி எவ்வளவு படித்தவள் என்று சூசைக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

மாட்டுகிற வேலை இன்னாசியுடையது. "குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்தவும்" என்று ராயப்பர் வாசித்தார். இன்னாசி அமலியின் கையைத் தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். பத்து அங்குலம்.

"வளர்ற பிள்ளைக்கு மடிப்பு விட்டுல்லா தைக்கணும்" என்று சொல்லி, கல்யாண வயதுவரைக்கும் மடிப்பு விட்டார். மிஷின் உத்திரத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து தொட்டிலை நேர்கீழாகப் பார்த்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பெர்னா புறப்பட்டாள். சான்றிதழ் ஃபைலை மார்போடு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள். கடைசியில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'பதினோரு மணிக்குக் கஞ்சி கொடுக்கவும். அழுதால் தூக்கவும். தூங்கினால் எழுப்பக் கூடாது.'

ராயப்பர் வாசித்தார். ஆமென் சொன்னார்கள். அந்த ஆமெனைக் கேட்டுத்தான் பெர்னாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததோ, இல்லை இருந்ததும் போனதோ, சொல்ல முடியாது.

"ஏங்க, மிஷின்கிட்ட இருந்து மொத மெசேஜ் வந்தாத்தான் நான் உள்ள போவேன். வரலன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருவேன்."

"வரும். நீ தைரியமாப் போ" என்றான் சூசை.

மெசேஜ் வருவதற்கு முன்னால் மிஷினுக்குப் பிள்ளையை அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. "குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தவும். சாதனம் முகத்தைப் பதிவு செய்யும்வரை குழந்தை அசையக் கூடாது."

அமலி அசைந்தாள். எட்டு மாதத்துப் பிள்ளைக்கு அசைவதைத் தவிர வேறு தொழில் என்ன இருக்கிறது? கிடத்தினால் கவிழ்ந்தாள். கவிழ்ந்தால் தவழ்ந்தாள். பிடித்தால் சிரித்தாள். "மீண்டும் முயலவும்" என்றது மிஷின். ராயப்பர் பிள்ளைக்கு எதிரே மண்டியிட்டு, "அசையாதே அம்மாடி, போட்டிருக்கான்" என்று கையேட்டைக் காட்டினார். அமலி கையேட்டின் மூலையைத் தின்றாள்.

ஒன்பதே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. "இன்னும் மெசேஜ் வரல. நான் கேட்டு வாசல்லயே நிக்கேன். பேர் கூப்பிடுதாங்க. வந்துரட்டுமா?" பெர்னாதான்.

"அஞ்சு நிமிஷம் பொறு" என்றான் சூசை. அந்த நாற்காலியைப் பற்றி அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! அது இப்போது இந்தப் பிள்ளை அசையாமல் கிடப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சூசை சுவரைப் பார்த்தான். சுவரில் அமலியின் ஞானஸ்நானப் படம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் தண்ணீர் ஊற்றியும் எழும்பாமல் மூடிய கண், நாலு பக்கமும் தேக்குச் சட்டம்.

"அண்ணே, இது அசையாது."

மூவரும் படத்தைப் பார்த்தார்கள். 'குழந்தையைக் கிடத்தவும்' என்றுதான் போட்டிருந்தது. இது குழந்தைதானா? பெர்னாவின் பெரியம்மா வந்தபோது இதைக் காட்டி, "இதுதான் எங்க குழந்தை" என்று ராயப்பரே சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அமலியைத் தரையில் இறக்கிவிட்டு, படத்தைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திக் கொசுவலையை இழுத்துவிட்டார்கள்.

"பதிவு முடிந்தது" என்றது மிஷின். "குழந்தை தூங்குகிறது."

அந்த வார்த்தை கம்பியில்லாமல் பறந்து கான்வென்ட் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "வந்துட்டு! உள்ள போறேன்!" என்றாள் பெர்னா. சூசை சிலுவை போட்டுக்கொண்டான்.

ராயப்பர் அடுத்த வரியை வாசித்தார். "குழந்தை தூங்குவதாக அறிவித்தபின் தொட்டிலுக்கு ஒரு மீட்டருக்குள் யாரும் செல்ல வேண்டாம். தொட்டிலில் உள்ள எதையும் நகர்த்த வேண்டாம்."

இன்னாசி தொட்டிலைச் சுற்றி டேப் பிடித்துத் தையல் சாக்பீஸால் கோடு கிழித்தார். மூவரும் கோட்டுக்கு வெளியே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார்கள். கால் மணிக்கு ஒருதரம் "குழந்தை தூங்குகிறது" என்றது மிஷின். கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது. கொசுவலைக்குள் வெள்ளையாக ஒரு சட்டை, மூடின இரண்டு கண். என்ன அடக்கமான பிள்ளை! மூன்றாவது தரம் சொன்னபோது மூவரும் தலையாட்டினார்கள். நாலாவது தரம், தேக்குச் சட்டத்தைப் பற்றின நினைவு மூவருக்கும் போய்விட்டது.

அமலி இதற்குள் இன்னாசியின் தையல் அறைக்குத் தவழ்ந்து போயிருந்தாள். ஊசி டப்பாவில் 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று அச்சடித்திருந்தபடியால் அதுவும் உத்திரத்தில்தான் தொங்கியது. அந்த மட்டுக்கும் அச்சுக்கு ஒரு நன்றி. துணிக் குவியலுக்குள் போய், சிவப்பு ரிப்பன் உடம்பெல்லாம் சுற்றிக்கொள்ள, போட்டிருந்த பச்சைச் சட்டை தலைக்கு மேல் ஏற, வெளியே வரத் தெரியாமல் அவள் வாய்விட்டு அலறினாள்.

மூவரும் எழுந்தார்கள்.

"பிள்ளை அழுதுலே" என்றார் ராயப்பர்.

"குழந்தை தூங்குகிறது" என்றது மிஷின்.

மூவரும் உட்கார்ந்தார்கள்.

அலறல் நிற்கவில்லை. சூசைதான் போய்த் துணிக் குவியலைக் கிளறித் தூக்கி வந்தான். மூக்கு ஒழுக, ரிப்பன் ஒழுக, ஒரு பிள்ளை. மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"இது யாரு பிள்ளை?" என்றார் இன்னாசி.

"நம்ம பிள்ளை மாதிரி இருக்குண்ணே" என்றான் சூசை.

"நம்ம பிள்ளை அங்க தூங்குது. வெள்ளைச் சட்ட. இது பச்சைச் சட்ட."

"காலையில அமலிக்குப் பச்சைச் சட்டதான் போட்ட ஞாபகம்."

"பெர்னா மாத்திட்டுப் போயிருப்பா. அவ எதையும் நாலு தரம் மாத்துதவ."

"மூக்கப் பாருங்கண்ணே. அப்படியே என் மூக்கு."

ராயப்பர் தம்பியின் தோளில் கை வைத்தார். "சூசை, பாசம் கண்ண மறைக்கும்ல. நாம மூணு பேரும் தப்பாப் பாக்கலாம். அது பாக்கதுக்குன்னே செஞ்ச சாமான். பன்னெண்டு பாஷ தெரிஞ்சது. அது தூங்குதுங்குது."

சூசைக்கு மனசு கேட்கவில்லை. கோட்டின் விளிம்பில் போய் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். உள்ளே போக முடியாது. கையில் இருந்த பிள்ளையோ அவன் சட்டைப் பித்தானைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அமலியும் அந்தப் பித்தானைத்தான் தின்பாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே குணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மணி பதினொன்று. 'கஞ்சி கொடுக்கவும்.' 'தூங்கினால் எழுப்பக் கூடாது.' இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில். பெரிய தர்க்கம் நடந்தது. முடிவில், எழுப்பக் கூடாது என்பதால் அமலிக்குக் கஞ்சி இல்லை. காய்ச்சின கஞ்சியை வீணாக்குவது பாவம் என்பதால், வழி தவறி வந்த இந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது.

சூசை மடியில் வைத்து ஊட்டினான். அது ஒரு வாய் விடாமல் குடித்துச் சிரித்தது. இடது கன்னத்தில் குழி விழுந்தது. சூசையின் கண்ணில் தண்ணீர் நின்றது. "எம்பிள்ளை பச்சத் தண்ணி இல்லாமக் கெடக்கா. யாரு பெத்த பிள்ளையோ வயிறு நெறையக் குடிக்கு. குடி தாயி, நீயாவது குடி."

"குழந்தை தூங்குகிறது" என்றது மிஷின்.

"இதப் பெத்தவ இந்நேரம் எப்படித் துடிக்காளோ" என்றார் ராயப்பர். "நம்ம வீட்டுல வச்சிருந்தா பிள்ளை பிடிக்கிறவன்னு பேராயிரும். வாங்கல, கோயில் மைக்குல சொல்லிருவோம்."

"அமலிய யாரு பாத்துக்கிடுவா?"

"அதுக்குத்தானல அத வாங்கினே!"

மூவரும் கோயிலுக்குப் போனார்கள். பங்குச்சாமியார் கிளைக் கிராமத்துக்குப் போயிருந்தார். மைக் அறைச் சாவி ராயப்பரிடம்தான் இருக்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சிப்பித்துறை முழுக்க ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பார்ந்த இறைமக்களே! ஒரு பெண் குழந்தை கண்டெடுக்கப்பட்டுள்ளது. வயது எட்டு மாதம் இருக்கலாம். பச்சைச் சட்டை. கீழே ரெண்டு பல். சிரித்தால் இடது கன்னத்தில் குழி. மூக்கு எங்கள் தம்பி மூக்கு போல இருக்கும். உரியவர்கள் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்."

ஊரில் யாரும் அசையவில்லை. உபதேசியார் வீட்டிலிருந்து ஏதாவது அறிவிப்பு வந்தால் கேட்டுச் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவது அந்த ஊர்ப் பழக்கம். ஒரே ஒருத்தி மட்டும் அப்போதுதான் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள்.

சூசை கோயில் படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தான். தூரத்தில் ஒருத்தி ஓடி வருவது தெரிந்தது. ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையில் ஃபைலும் ஃபோனும். சேலை தோளில் நிற்கவில்லை. பாவம், பெற்றவள் வந்துவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கிட்டே வந்தபிறகுதான் அது பெர்னா என்று தெரிந்தது.

அவள் மூச்சு வாங்க, விரலை நீட்டிப் பிள்ளையின் மூக்கடியில் வைத்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையிலிருந்த ஃபோன் 'குழந்தை தூங்குகிறது' என்று மினுக்கியது.

"குடுங்க" என்றாள்.

சூசை கையை நீட்டினான். ராயப்பர் நடுவில் வந்து நின்றார்.

"ஏம்மா பெர்னா, அவசரப்படாத. 'தக்க அடையாளம்'னு அறிவிச்சிருக்கோம்."

"இடது தொடையில மச்சம்! கடுகு கணக்கா!"

இன்னாசி டேப்போடு குனிந்து பார்த்தார். "இருக்குண்ணே. கடுகுதான்."

"அது சரி. ஆனா அதே மச்சம் நம்ம அமலிக்கும் இருக்கே. அவ வீட்டுல தூங்குதா. நாளைக்கு இதப் பெத்தவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பெர்னா அவரைப் பார்த்தாள். இன்னாசியைப் பார்த்தாள். புருஷனை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று சூசை எதிர்பார்த்தான். அவள் ஃபைலைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முழங்காலில் வைத்துக் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினாள்.

ராயப்பர் கண்ணாடியைப் போட்டு உரக்க வாசித்தார். "இந்தக் குழந்தையை இந்தத் தாளைக் கொண்டுவருபவரிடம் உடனே கொடுக்கவும்."

"ஆமென்" என்றார்கள் தம்பிகள். பிள்ளை கை மாறியது.

வழியெல்லாம் பெர்னா பிள்ளையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். பாதித் தூரம் போனபிறகு சூசை மெதுவாகக் கேட்டான். "நேர்காணல் என்னாச்சு?"

"கெடச்சிட்டு. திங்கக்கிழம வரச் சொல்லிட்டாங்க." வேலை கிடைத்தவள் சொல்கிற மாதிரி அது இல்லை. யாருக்கோ காய்ச்சல் என்று சொல்கிற மாதிரி இருந்தது. "தெனமும் எட்டு மணியிலேந்து நாலு மணிவரைக்கும்."

"பயப்படாத பெர்னா. மிஷின் இருக்குல்லா. இன்னைக்கு ஒரு தப்பு சொன்னதா அது?"

வீட்டுக்கு வந்ததும் பெர்னா கோட்டைத் தாண்டினாள். மூவருக்கும் மூச்சு நின்றுவிட்டது. கொசுவலையைத் தூக்கி, தொட்டிலுக்குள் கையை விட்டு, தேக்குச் சட்டத்தோடு ஞானஸ்நானப் படத்தை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

உத்திரத்திலிருந்து ஒரு சங்கு ஊதியது. "குழந்தையைக் காணவில்லை! குழந்தையைக் காணவில்லை!"

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தார் ராயப்பர். "நம்ம கண்ணு முன்னாலயே போயிட்டே!" வாசலைத் தாண்டி ஓடினார். இன்னாசி பின்னால் ஓடினார்.

சூசையும் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"நில்லுங்க" என்றாள் பெர்னா. பிள்ளையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "வெரல வையுங்க."

வைத்தான். சூடாகக் காற்றுப் பட்டது. சீரக வாசனை வந்தது. பிள்ளை எட்டி அவன் பித்தானைப் பிடித்தது.

"இது யாரு?"

சூசை பிள்ளையைப் பார்த்தான். கன்னத்துக் குழியைப் பார்த்தான். உள்ளே ஏதோ ஒன்று தாழ்ப்பாள் விலகினாற்போல இருந்தது. "அமலி" என்றான். "அமலிதான், பெர்னா. நம்ம அமலி!"

"அப்பாடா" என்று பெர்னா கட்டிலில் சாய்ந்தாள். அவள் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு முதல்தடவையாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

சூசை பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். சற்று நேரம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அப்ப, காலையில இருந்து ஒரு வாய் கஞ்சி இல்லாமத் தூங்கினது யாரு பிள்ளை?"

பெர்னா வாயைத் திறப்பதற்குள் கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"அன்பார்ந்த இறைமக்களே! ஒரு பெண் குழந்தையைக் காணவில்லை. வெள்ளைச் சட்டை. மூடிய கண். நாலு பக்கமும் தேக்குச் சட்டம், பின்னால் மாட்டுவதற்கு ஒரு வளையம். கண்டவர்கள் உபதேசியார் வீட்டில் ஒப்படைக்கவும். குழந்தை தூங்கிக்கொண்டிருப்பதால், தயவுசெய்து எழுப்பாமல் கொண்டுவரவும்."